மாடியில் இருபது பைக்குத்தான் இடம்: கீரையா, காய்கறியா, பூவா, நின்று பலன் தரும் செடியா?

ஆனி முடிந்து ஆடி பிறக்கும்போது இந்தக் கேள்வி தவறாமல் வரும். "மாடியில் கொஞ்சம் இடம் இருக்கிறது. செடி வளர்க்கும் பை இருபது வைக்கலாம். கீரை போடுவதா, கத்தரி வெண்டை வைப்பதா, அம்மா ஆசைப்படுகிற மல்லியை வைப்பதா, இல்லை கறிவேப்பிலை, எலுமிச்சை என்று நிரந்தரமாக வைத்துவிடுவதா?"

கேட்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஒரு சுற்று முயன்று பார்த்தவர்கள். பெரும்பாலும் எல்லாவற்றிலும் இரண்டிரண்டு வைத்திருப்பார்கள்: இரண்டு தக்காளி, இரண்டு வெண்டை, ஒரு ரோஜா, ஒரு சுரைக்கொடி, ஓரத்தில் கொஞ்சம் கொத்தமல்லி. எல்லாம் முளைத்து, எல்லாம் கொஞ்சம் காய்த்து, எதுவும் அடுப்படிக்குப் போதாமல், அடுத்த கோடையில் வெறும் பைகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். செடி வளர்க்கத் தெரியாததால் இப்படி ஆவதில்லை. எது எத்தனை வைத்தால் வீட்டுக்கு உதவும் என்ற கணக்கைப் போடாமல் தொடங்குவதால்தான் ஆகிறது. அதனால் அந்தக் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் சென்னை, அதை ஒட்டிய கடலோர மாவட்டங்களின் வெயிலை மனதில் வைத்துச் சொல்வது. ஓசூர், கோவைப் பக்கம் இருப்பவர்களுக்கு ரோஜா விஷயத்திலும் தக்காளி விஷயத்திலும் நிலைமை இன்னும் சாதகம்.

## எதை வைத்து அளப்பது

ஒரு வேளைக்கு ஆகுமா? இதுதான் முதல் அளவுகோல், பலரும் கேட்க மறக்கிற அளவுகோல். நான்கு பேர் உள்ள வீட்டில் வெண்டைக்காய்ப் பொரியலுக்குக் கால் கிலோவுக்கு மேல் வேண்டும். பிஞ்சாகப் பறித்தால் ஒரு காய் ஏறக்குறைய 15 கிராம். ஆக, ஒரு பொரியலுக்கு இருபது காயாவது தேவை. ஒரு செடி இரண்டு நாளைக்கு ஒரு காய் கொடுத்தாலே நன்றாக இருக்கிறது என்று பொருள். இரண்டு செடி வைத்தவர் இருபது காய் சேர்க்க இருபது நாள் ஆகும், அதற்குள் முதலில் பறித்தது வாடிப்போகும். இதே வீட்டில் ஒரு நாளைக்குப் பச்சை மிளகாய் நான்கோ ஐந்தோதான் செலவாகிறது. நான்கு மிளகாய்ச் செடி அந்தத் தேவையைத் தாராளமாகத் தீர்க்கும். கிலோ கணக்கில் சமைப்பதற்கும் கிள்ளிப் போடுவதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி முடிவு எடுத்த மாதிரிதான்.

வெயில். மாடி என்றால் வெயில் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பக்கத்து அடுக்குமாடி, தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை எல்லாம் நிழல் விழுத்தும். வடக்கு பார்த்த பால்கனியில் மார்கழி மாதம் நேர் வெயிலே விழாது. காய், பூ இரண்டுக்கும் குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும். கீரை நான்கு மணி நேரத்திலும் ஒப்பேறும்.

தண்ணீரும் ஊருக்குப் போகும் நாட்களும். கத்திரி வெயிலில் ஓர் அடிப் பைக்கு நாளொன்றுக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் பிடிக்கும். இருபது பைக்கு 40 லிட்டர் வரை. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வற்றிக் குடிக்கவே லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தபோது, பலர் அரிசி கழுவிய நீரை மட்டும் வைத்துக் கறிவேப்பிலையைக் காப்பாற்றி, மற்றதைக் கைவிட்டார்கள். பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போகிற குடும்பமா, பத்து நாள் வீடு பூட்டியிருக்குமா என்பதையும் இங்கேயே யோசிக்க வேண்டும்.

எடை. ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரநிலை வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. ஓர் அடி விட்டம், ஓர் அடி உயரப் பையில் 22 லிட்டர் கலவை பிடிக்கும். நனைந்தால் ஏறக்குறைய 25 கிலோ. சதுர மீட்டருக்கு ஆறு பைக்கு மேல் நெருக்கக் கூடாது என்பது இதிலிருந்து வருகிறது. பாதியாக வெட்டிய 200 லிட்டர் டிரம்மில் வெறும் மண்ணை நிரப்பி நனைத்தால் அது ஒன்றே 150 கிலோவைத் தாண்டும். அதைச் சுவரோரமாக, பீம் ஓடும் இடத்தின் மேல்தான் வைக்க வேண்டும். மரச்சட்டத்தின் மேல் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால் பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் எதையும் ஏற்ற வேண்டாம்.

கடைச் சரக்குக்கும் வீட்டுச் சரக்குக்கும் உள்ள தூரம். சுரைக்காய் கடையில் வாங்கினாலும் வீட்டில் பறித்தாலும் சாம்பாரில் பெரிய வேறுபாடு தெரியாது. புதினாவும் கீரையும் அப்படி இல்லை. பறித்த கணத்திலிருந்து அவை இறங்குமுகம்தான்.

பணம் மிச்சமாகுமா என்பதை அளவுகோலில் சேர்க்கவில்லை, வேண்டுமென்றேதான். இருபது பைக்கு மொத்தம் 440 லிட்டர் கலவை வேண்டும். மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் சம அளவு என்று வைத்தால் உரம் மட்டும் 80, 90 கிலோ. ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டி ஊறி 60, 70 லிட்டர் ஆகும் என்பதால் அதில் இரண்டு, மூன்று கட்டி. இதையெல்லாம் லிஃப்ட் இல்லாத வீட்டில் மூன்றாம் மாடிக்குத் தூக்க ஆள்கூலி. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்துவரும் மாடித்தோட்டத் தளைகள் (கிட்) கிடைத்தால் பை, நார்க்கழிவு, விதை, உயிர் உரம் ஒரே பெட்டியில் வந்துவிடும், தொடக்கச் செலவு குறையும். அப்படியும் முதல் வருஷம் கடைக் கீரையே மலிவு.

## ஒரே பார்வையில்

| | கீரை | காய்கறி | பூ | நின்று பலன் தரும் செடி |
|---|---|---|---|---|
| முதல் பலன் | 20–30 நாள் | 45–75 நாள் | செண்டுமல்லி 2 மாதம். மல்லிக்கு ஒரு பருவம் பொறுக்க வேண்டும் | கறிவேப்பிலை ஒரு வருஷம். எலுமிச்சை 2–3 வருஷம் |
| நேர் வெயில் | 4 மணி போதும் | 6 மணிக்கு மேல் | 6 மணி | 5–6 மணி |
| தொட்டி ஆழம் | 6–9 அங்குலம் | 12–15 அங்குலம் | 12–15 அங்குலம் | 18 அங்குலம் அல்லது பாதி டிரம் |
| கோடையில் ஒரு நாள் தண்ணீர் தவறினால் | தட்டையாகப் படுத்துவிடும் | பூ, பிஞ்சு உதிரும் | மொட்டு வாடும், செடி பிழைக்கும் | பெரிதாக ஒன்றும் ஆகாது |
| வீட்டுத் தேவைக்கு | 4 அகலத் தொட்டி | காய்க்கு 4 முதல் 12 செடி | 3–4 மல்லி அல்லது 2 சங்குப்பூக் கொடி | வகைக்கு ஒன்று |
| முக்கியத் தொல்லை | எறும்பு, இலை ஓட்டை, புறா | புழு, வெள்ளை ஈ, அணில் | மாவுப்பூச்சி, மொட்டுப்புழு | இலை தின்னும் புழு, எடை |

## கீரை

புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல ஆரம்பம் இல்லை. விதைத்த நான்காம் நாள் மண் சிவப்பும் பச்சையுமாகப் பூத்துக் கிடக்கும். அதைப் பார்த்த பிறகுதான் பலருக்குத் தினம் மாடி ஏறும் பழக்கமே வருகிறது.

கீரையில் ஒரு பிரிவினை உண்டு. வேரோடு பிடுங்குவது, கிள்ளிக்கொண்டே இருப்பது. சிறுகீரை, முளைக்கீரை, வெந்தயக்கீரை எல்லாம் 25 நாளில் பிடுங்கி முடிந்துபோகும். அரைக்கீரை, பொன்னாங்கண்ணி, பசலைக்கொடி, மணத்தக்காளி, புதினா ஆகியவை வெட்ட வெட்டத் துளிர்க்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 3 என்ற கிள்ளுக்கீரை ரகம் விதைத்த 20 நாளில் முதல் வெட்டுக்கு வந்து பத்து வெட்டு வரை தரக்கூடியது. இடம் குறைவாக உள்ளவர்கள் இரண்டாம் பிரிவைத்தான் அதிகம் வைக்க வேண்டும். பிடுங்கும் வகையை வாரம் ஒரு கூட்டுக்கு நம்பினால், இரண்டுக்கு இரண்டு அடித் தொட்டி நான்கை வாரம் ஒன்றாக விதைத்து வரவேண்டும். நான்கு தொட்டி என்பது பதினாறு சதுர அடி, மேலே சொன்ன எடைக் கணக்குப்படி கிட்டத்தட்ட ஒன்பது பை உட்காரும் தரை.

விதைக்கும்போது மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக விழாது. எறும்பு விதையைத் தூக்கிப் போகும் மாடிகளில் ஓரமாகக் கொஞ்சம் அரிசி நொய் தூவி வைத்தால் அது நொய்யை எடுத்துக்கொண்டு விதையை விட்டுவைக்கும். முளைத்த பிறகு புறா. ஒரு பழைய கொசுவலைத் துணி இதற்குப் போதும்.

கணக்கில் வராத செலவு நேரம். கீரைக்கு விடுமுறையே கிடையாது. ஒரு மே மாத மதியம் காய்ந்தால் மறுநாள் பிழைக்காது. தவிர, கொத்தமல்லியும் வெந்தயக்கீரையும் சித்திரை, வைகாசியில் சரியாக வராது. முளைத்தாலும் சீக்கிரம் பூவுக்கு ஓடிவிடும். அந்த மாதங்களில் பசலையையும் பொன்னாங்கண்ணியையும் நம்புங்கள், இரண்டும் தண்டை நட்டாலே வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தவசிக்கீரையை 'மல்டி விட்டமின் செடி' என்று சொல்லி விற்கிறார்கள், நன்றாகவும் வளரும். சமைத்து அளவாகச் சாப்பிடுவது வழக்கத்தில் உள்ளதுதான். பச்சையாக அரைத்துச் சாறாகத் தினமும் குடிக்காதீர்கள். 1990களின் நடுவில் தைவானில் உடல் இளைக்க அப்படிக் குடித்த பலருக்கு நுரையீரல் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது.

கீரை பொருந்துவது: வெயில் குறைந்த மாடி, தினமும் வீட்டில் இருக்கும் ஆள், ஒரு மாதத்தில் பலனைப் பார்க்க ஆசைப்படும் குழந்தைகள்.

## காய்கறி

மாடித்தோட்டம் என்றவுடன் எல்லோர் மனதிலும் வருவது இதுதான். அதிகப் பேர் மனம் தளர்ந்து விடுவதும் இதில்தான். எனவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

*மிளகாய்* யோசிக்காமல் வைக்கலாம். பூச்சி என்று பார்த்தால் இலை சுருட்டல் ஒன்றுதான் பெரும் தலைவலி. இலைப்பேனும் சிலந்திப்பேனும் சாறு உறிஞ்சுவதால் வருவது. இலையின் அடிப்பக்கம் நனையும்படி, லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து வாரம் ஒரு முறை மாலையில் தெளிக்க வேண்டும். மேலாகத் தெளித்தால் பயனில்லை, பூச்சி இருப்பது அடியில்.

*கத்தரி* காய்கறிகளில் என் முதல் தேர்வு. நான்கைந்து செடி வாரம் ஒரு குழம்புக்குக் காய் கொடுக்கும். ஓய்ந்த செடியை அரை அடி விட்டு வெட்டி, ஒரு பிடி மண்புழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் போட்டால் திரும்பத் துளிர்த்து இன்னொரு சுற்று காய்க்கும். இதன் எதிரி குருத்தும் காயும் துளைக்கும் புழு. காலையில் செடி முழுவதும் நிமிர்ந்திருக்க, ஒரு நுனி மட்டும் தலை தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டிப் பிளந்து பார்த்தால் இளஞ்சிவப்பாக, ஒல்லியாக நெளியும். வெட்டியதைத் தொட்டியிலேயே போட்டுவிடாமல் அழித்துவிட வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை இந்தப் பார்வை இருந்தால் மருந்தே தேவைப்படாது.

*தக்காளி* பருவம் பார்த்து வைத்தால் தங்கம். இரவு வெப்பம் 24 டிகிரிக்கு மேலேயே நின்றால் பூ மகரந்தம் பிடிக்காமல் உதிரும். சென்னையில் சித்திரை முதல் ஆவணி வரை இரவு அதற்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே கோடையில் பூவெல்லாம் கொட்டுகிறது என்று தேமோர்க் கரைசலும் (தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து புளிக்க வைத்தது) மற்றதும் அடித்துப் பார்ப்பதில் அதிகப் பயன் இருக்காது, காரணம் சத்துக்குறைவு இல்லை. புரட்டாசியில் நாற்று விட்டு, மழையின் உச்சத்தில் கூரையோரமாக ஒதுக்கிக் காப்பாற்றினால் தை, மாசியில் கூடை கூடையாகப் பறிக்கலாம். பழுக்கும் முன் அணில் வரும். நிறம் மாறத் தொடங்கும்போதே பறித்துச் சமையலறையில் பழுக்க வைப்பதுதான் வழி, சுவையில் குறை வராது.

*வெண்டை* கணக்கை மேலேயே போட்டுவிட்டோம். பைக்கு இரண்டு விதை ஊன்றி ஆறு பை ஒதுக்க முடிந்தால் நான்கு நாளுக்கு ஒரு பொரியல் கிடைக்கும். ஆறு பை ஒதுக்க மனமில்லை என்றால் வெண்டையை விட்டுவிடுங்கள்.

*கொடிகள்* தனிக் கதை. சுரை, பீர்க்கு, புடலை, பாகல் எல்லாவற்றுக்கும் பந்தல் வேண்டும். பந்தலுக்கு இரும்புக் குழாயோ சவுக்குக் கம்போ, மாடியில் ஆணி அடிக்காமல் நிறுத்த சிமெண்ட் நிரப்பிய டப்பாக்கள், வலை. கார்த்திகை, மார்கழியில் புயல் வந்தால் பந்தல் பாய்மரமாகிவிடும். வர்தாவும் மிக்ஜாமும் வந்தது டிசம்பரில்தான். உயரமான மாடிகளில் தேனீ வருவது குறைவு என்பதால் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் நாமே தடவ வேண்டியிருக்கும். பெண் பூவை அடையாளம் காண்பது சுலபம், இதழுக்குக் கீழே குட்டிக் காய் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். நேரம்தான் முக்கியம்: பாகலும் பூசணியும் விடிகாலையில் மலரும், சுரையும் பீர்க்கும் மாலையில். அலுவலகம் போய் ஆறரை மணிக்கு வீடு திரும்புகிறவருக்குப் பீர்க்கு பொருத்தம், பாகலுக்கு அதிகாலை எழ வேண்டும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் பந்தல் அவரை வைக்கலாம். அது தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும். ஆடியில் ஊன்றினால் பகல் குறுகும் மார்கழி, தையில்தான் பூக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு பொறுமையாக இருக்க வேண்டும், கூடவே அசுவினிப் பூச்சியையும் கவனிக்க வேண்டும்.

காய்கறி பொருந்துவது: முழு வெயில் உள்ள மாடி, வகைகளைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்ட மனமுள்ளவர், ஐப்பசி முதல் பங்குனி வரை ஊரில் இருப்பவர். கோடை முழுக்க வெளியூர் போகிறவர் பங்குனியோடு காய்கறியை முடித்துக்கொண்டு பைகளைக் கவிழ்த்து வைத்துவிடலாம்.

## பூ

இதைப் பலர் கடைசியில் வைக்கிறார்கள், சாப்பிட முடியாது என்று. தினம் சாமிக்குப் பூ வாங்குகிற வீட்டில் இது கறிவேப்பிலை மாதிரி அன்றாடத் தேவை. அந்தக் கண்ணோடு பார்த்தால் எந்தப் பூ என்பதும் தெளிவாகும்.

குண்டுமல்லியை எல்லோரும் கேட்பார்கள். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பெயரிலேயே நாற்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. மாடித் தொட்டியிலும் நன்றாக வரும். மாலையில் போய்ப் பார்த்தால் மறுநாளுக்கான மொட்டு வெளுத்து, உப்பி, காம்பு நிமிர்ந்து நிற்கும். பச்சை சாயல் உள்ளது இன்னொரு நாள் பொறுக்க வேண்டியது. விடியுமுன் பறித்தால்தான் தலையில் வைக்கும்போது விரியும்.

ஆனால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு வையுங்கள். மல்லி விலை பொங்கல் சமயத்திலும் தை முகூர்த்தங்களிலும் கிலோ ஆயிரக்கணக்கில் ஏறுவதற்குக் காரணம், குளிரிலும் பனியிலும் செடி பூப்பதில்லை. உங்கள் மாடிச் செடியும் அப்போது பூக்காது. அது கொட்டிக் கொடுப்பது சித்திரை, வைகாசியில், சந்தையிலும் மல்லி மலிந்து கிடக்கும்போது. வீட்டு மல்லியை மணத்துக்காகவும் அந்தக் கோடை மாலைகளுக்காகவும் வையுங்கள், நான் வைத்திருப்பது அதற்குத்தான். கார்த்திகை நடுவில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டிவிட வேண்டும். கவாத்து செய்ய மனம் வராமல் விட்ட செடி, கொடியாக நீண்டு இலையாகவே நிற்கும். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துப் பற்றாக்குறை. உப்பான ஆழ்துளைத் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது மிக அதிகம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரையும் மல்லிக்கு ஊற்றாதீர்கள்.

வருஷம் முழுக்கப் பூ வேண்டுமென்றால் நித்தியமல்லியும் சங்குப்பூவும். சங்குப்பூ நீலம் ஒன்று, வெள்ளை ஒன்று என்று இரண்டு கொடி கம்பிக் கைப்பிடியில் ஏற்றிவிட்டால் பூஜைத் தட்டு காலியாக இருக்காது. பயறு இனம் என்பதால் உரமும் அதிகம் கேட்காது.

ரோஜாவில் ஆசைக்கு அளவு வைக்க வேண்டும். ஓசூர்ப் பக்கத்திலிருந்து வரும் பெரிய பூ ஒட்டு ரோஜாக்கள் நர்சரியில் கண்ணைப் பறிக்கும், கடலோர வெயிலில் முதல் கோடையைத் தாண்டுவது சிரமம். பன்னீர் ரோஜாவும் பட்டன் ரோஜாவும் இங்கே தாங்கும். வாங்கி வந்ததும் வேரைச் சுற்றி இறுகிக் கிடக்கும் செம்மண் உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்து மெல்லத் தளர்த்தி நட வேண்டும், இல்லாவிட்டால் சுற்றியுள்ள புதுக்கலவை நனைந்தாலும் நடுவில் வேர் காய்ந்தே கிடக்கும். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிரை அப்போதே கிள்ளிவிடுங்கள்.

செம்பருத்தி எளிது, மாவுப்பூச்சியைத் தவிர. வெள்ளைப் பஞ்சு போல் நுனியில் ஒட்டியதைக் கண்ட அன்றே தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்து விரட்டினால் போதும், பிறகு வேப்பெண்ணெய். எறும்பு ஏறும் வழியையும் அடைக்க வேண்டும், மாவுப்பூச்சியைச் சுமந்து வளர்ப்பதே எறும்புதான். 2008இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று தமிழ்நாடு முழுக்கப் பரவியபோது மருந்து அடித்து அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அடக்கின. தோட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத குளவிகளும் வேலை செய்கின்றன என்பதால்தான் கடுமையான பூச்சிமருந்தை மாடிக்கே கொண்டுவர வேண்டாம் என்று சொல்கிறேன்.

அரளி தண்ணீர் அதிகம் கேட்காத செடி. ஆனால் எல்லாப் பாகமும் விஷம். சின்னக் குழந்தையோ நாயோ உள்ள வீட்டில் வேண்டாம்.

பூ பொருந்துவது: பூஜைக்குத் தினம் பூ வாங்கும் வீடு, ஆறு மணி வெயில், உப்பில்லாத தண்ணீர். காய்கறி வைப்பவர்களும் ஓரத்தில் நான்கு செண்டுமல்லி வைத்தால் தேனீ வரத் தொடங்கும்.

## நின்று பலன் தரும் செடி

எனக்குப் பத்துப் பைக்குக்கூட இடம் இல்லை, ஒன்றே ஒன்றுதான் வைக்க முடியும் என்று யாராவது சொன்னால் நான் கறிவேப்பிலையைத்தான் சொல்வேன். தினம் வேண்டும், கொஞ்சமாக வேண்டும், பறித்த உடனே தாளிப்பில் விழுந்தால்தான் மணம். கேரள வேளாண் பல்கலைக்கழகம் சந்தை மாதிரிகளைச் சோதித்தபோது பூச்சிமருந்து எச்சம் உள்ளவற்றில் கறிவேப்பிலையும் இருந்தது பரவலாகச் செய்தியானது. நாம் கழுவித் தாளிக்கிற இலையைப் பற்றிய செய்தி அது.

முதல் வருஷம் இலையைத் தொடாமல் விட வேண்டும், இதில்தான் பலர் பொறுமை இழக்கிறார்கள். பிறகும் ஈர்க்கை ஒவ்வொன்றாக உருவாமல் நுனித்தண்டோடு வெட்டினால் இரண்டு கிளை பிரியும். தொட்டியில் பூத்தால் பூங்கொத்தைக் கிள்ளிவிடுங்கள், காய்க்க விட்டால் இலை குறையும். புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து ஊற்றுவது வீடுகளில் உள்ள பழைய வழக்கம், செடி நன்றாகவே ஏற்றுக்கொள்கிறது.

எலுமிச்சை வைப்பவர் விதைக் கன்று வாங்கக் கூடாது. பதியனோ ஒட்டோ என்றால் இரண்டு, மூன்று வருஷத்தில் காய்க்கும், விதைக் கன்று அதற்கு இருமடங்கு காலம் எடுக்கும். பாதி டிரம் வேண்டும், எனவே எடைக் கணக்கு இங்கேதான் கடுமையாக வரும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம், இரண்டுக்கும் ஒரே விருந்தாளி: வண்ணத்துப்பூச்சியின் புழு. சிறியதாக இருக்கும்போது இலையில் பறவை எச்சம் விழுந்த மாதிரியே இருக்கும், கண் தாண்டிப் போய்விடும். பெரிதானால் பச்சை. குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கொம்பு ஒன்றை நீட்டி ஒரு நாற்றத்தை விடும். ஒரு சின்னக் கன்றை இரண்டு நாளில் மொட்டையாக்க ஐந்தாறு புழு போதும். கையால் எடுத்து அப்புறப்படுத்துவதே மருந்து.

முருங்கையைக் காய்க்காக மாடியில் வைக்காதீர்கள். கிளை காற்றில் முறியும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி ஏறி அக்கம்பக்கத்தில் சண்டை வரும். கீரைக்காக வேண்டுமானால் பி.கே.எம். 1 என்ற முருங்கை ரகத்தின் விதை ஒன்றை 18 அங்குலப் பையில் ஊன்றி, இடுப்பளவுக்கு மேலே வளரவிடாமல் வெட்டிக்கொண்டே இருங்கள்.

இந்தப் பிரிவின் மறைசெலவு மண் மாற்றுவது. மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் வேர் சுற்றிக்கொண்டு செடி தேங்கும். பாதி டிரம்மைச் சாய்த்து, செடியை உருவி, ஓர வேரைச் சீவிப் புதுக்கலவை போட இரண்டு ஆள் வேண்டும்.

இது பொருந்துவது: அடிக்கடி ஊருக்குப் போகிறவர், வயதானவர்கள் மட்டும் உள்ள வீடு, தண்ணீர் தட்டுப்பாடு உள்ள தெரு. வாடகை வீட்டுக்காரர் டிரம்மைத் தவிர்த்து 15 அங்குலப் பையில் கறிவேப்பிலையோடு நிறுத்திக்கொள்ளலாம், வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போகலாம்.

வெயிலே இல்லாத பால்கனியா? மணி பிளாண்ட், பாம்புக் கற்றாழை, பெரணி என்று இலைச் செடிகளுக்குப் போங்கள். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், டெங்குக் கொசு அங்கேதான் முட்டையிடும்.

## சரி, இருபது பையை எப்படிப் பிரிப்பது

இருவரும் வேலைக்குப் போகிற வீடு, தினம் இருபது நிமிஷம்தான் ஒதுக்க முடியும் என்றால்: கறிவேப்பிலை ஒன்று, மிளகாய் நான்கு, கத்தரி ஐந்து, புதினாவும் பொன்னாங்கண்ணியும் மூன்று, சங்குப்பூ இரண்டு, மல்லி இரண்டு. மூன்று பை காலியாக இருக்கட்டும். புரட்டாசியில் தக்காளி நாற்று வரும்போது அதற்கு இடம் வேண்டும்.

பகலில் ஆள் இருக்கும் வீடு, கீரை விரும்பிகள் என்றால் பைகளில் பாதியைக் குறைத்து இரண்டு அடி அகலத் தொட்டி நான்கு வாங்குங்கள். கத்தரி, மிளகாய், கறிவேப்பிலை அப்படியே இருக்கட்டும். வெண்டையும் கொடியும் வேண்டாம்.

நெருங்கிய தோழி ஒருவர் இருபது பையிலும் வெண்டை மட்டுமே வைப்பேன், வேறெதுவும் தன் பிள்ளைகள் சாப்பிடமாட்டார்கள் என்றார். அவர் வீட்டுக்கு அதுதான் சரி. நாள் விட்டு நாள் பொரியல் நடக்கிறது.

எப்படிப் பிரித்தாலும் கறிவேப்பிலைக் கன்றை முதலில் வாங்கி நட்டுவிடுங்கள், அதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். அரை அடி உயரக் கன்று போதும், ஒரே தண்டாகத் தடித்தது, அடியிலிருந்தே இலை உள்ளது. ஆடியில் வைத்தால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும்.